ஜீப்புக்கு எந்த மாசம் ஒத்துவரும்?

அண்ணே வணக்கம்,

ஜீப்ப பத்தி நீங்க அப்பப்ப எழுதுறத விடாம படிச்சிட்டு வர்றேன். எனக்கு திருமங்கலம் பக்கம். எங்க பெரியப்பா ஆர்மில டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு, சர்வீஸ்ல பாதி வருசம் ஆர்மிக்குன்னு செஞ்ச ஜோங்கா ஜீப்பு தான் ஓட்டுனாராம். இப்ப எழுபத்தி நாலு வயசு, வண்டிப் பேச்ச எடுத்தா சோத்த மறந்துட்டு உக்காந்திருப்பாரு. அவருக்காகவும் எனக்காகவும் ஒரு பழைய ஆர்மி வண்டிய வாங்கி ரெடி பண்ணி மாசம் ஒருக்கா எங்கயாச்சும் போயிட்டு வரணும்னு ஆச. ரெண்டாம் உலக யுத்தத்து வில்லீஸ் ஜீப்பா ஜோங்காவா, எத வாங்கலாம்? ஒரிஜினல் மாதிரியே பச்சை பெயின்ட், பானட்ல வெள்ளை ஸ்டார், ஆர்மி நம்பர் எல்லாம் போடலாமா? மொதோ ட்ரிப்பா மே லீவுல புள்ளைகளோட கொடைக்கானல் போகலாம்னு இருக்கேன். எந்த சீசன்ல எங்கிட்டு போறது நல்லதுன்னு சொல்லுங்க. எங்க வீட்டம்மா இது வெட்டிச் செலவுங்குது, அதுக்கும் ஒரு பதில் சொன்னா புண்ணியமா போகும்.

செ., திருமங்கலம்

தம்பி,

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன். உங்க வீட்டம்மா சொல்றது சரி, இது வெட்டிச் செலவு தான், மறுத்துப் பேச ஒன்னும் இல்ல. எங்க வீட்ல இந்தப் பேச்சு நின்னதுக்கு ஒரே காரணம் என் வண்டி லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். முன்னாடி போற பஸ்ஸ ஓவர்டேக் பண்ணனும்னா இடது பக்கம் உக்காந்திருக்க எனக்கு பஸ்ஸோட பின்கண்ணாடியும் அதுல எழுதிருக்க சாமி பேரும் தான் தெரியும், எதுக்க என்ன வருதுன்னு வலது சீட்ல இருக்கவங்க எட்டிப் பாத்து சொல்லணும், அந்த வேலைய என் வீட்டுக்காரி எடுத்துக்கிட்டா. "இருங்க, லாரி வருது... ம், இப்ப போங்க"ன்னு அவ வாய்ல இருந்து வராம நான் ஆக்சிலேட்டர மிதிக்கிறது இல்ல. பெட்ரோல் பங்க்ல பையன் நேரா அவகிட்ட போயி எவ்வளவுக்குக்கான்னு கேட்டுட்டு, ஸ்டியரிங் எங்கிட்டு போச்சுன்னு திருதிருன்னு முழிப்பான். அதுக்குள்ள நான் எந்திரிச்சு என் சீட்ட தூக்கணும், டேங்க் மூடி அதுக்கடில தான் இருக்கு. அதனால வீட்டம்மாகிட்ட வாதாடாதீங்க, ஒரு வேலைய குடுத்து கூட்டிட்டு போயிருங்க. (லெஃப்ட் ஹேண்ட் வண்டிக்கு வேலை செய்ற சிக்னல் இருக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. யுத்தத்துக்கு செஞ்ச ஜீப்புல இண்டிகேட்டர்னு ஒன்னு கெடையாது, ஒரிஜினல் கெட்டுருமேன்னு பாக்காம மாட்டிக்கோங்க.)

அடுத்து மே மாசம் கொடைக்கானல். வேணாம் தம்பி.

என் வண்டிய எல்லாரும் வில்லீஸ்னு சொல்றாங்க, நெசத்துல அது 1944 ஃபோர்டு ஜிபிடபிள்யூ, அதே டிசைன்ல ஃபோர்டுகாரன் செஞ்சது, அங்கங்க போல்ட்டு தலைல எஃப்னு எழுத்து குத்திருக்கும். ரெண்டுலயும் அதே 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் சைடு வால்வு இஞ்சின், 60 குதிரை சக்தி. இதுல கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், சூட்டுப் புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூணும் இஞ்சினோட ஒரே பக்கத்துல குடித்தனம் நடத்துது. சித்திர வெயில்ல மலை ஏறுனா, அதுவும் லீவுக் கூட்டத்துல பத்தடி போயி அஞ்சு நிமிசம் நின்னு பத்தடி போயின்னு ஏறுனா, வேகம் இல்ல, காத்து இல்ல, பம்ப்புக்கு வர்ற பைப்புக்குள்ளயே பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிரும். பம்ப்பு வெறும் ஆவிய இழுத்துக்கிட்டு கெடக்கும், வண்டி நின்னுரும். நம்ம மெக்கானிக்குங்க ஏர் லாக்கும்பாங்க.

எனக்கு அது மொத வருசமே நடந்துச்சு, மலைல கூட இல்ல, வத்தலக்குண்டு தாண்டி அடிவாரத்துலயே. பங்குனி கடைசி, மத்தியானம் பன்னெண்டு மணி. பானட்ட தொறந்து வச்சிட்டு ரோட்டோரமா நின்னா போற வர்ற காரெல்லாம் நிறுத்தி செல்ஃபி எடுக்குறான், ஒருத்தனும் தண்ணி வேணுமான்னு கேக்கல. கடைசில எளநி விக்கிற பெரியவர் ஒருத்தரு வந்து பாத்துட்டு, தோள்ல கெடந்த துண்ட தண்ணில முக்கி பம்ப்பு மேல சுத்துனாரு. அவரு அந்தக் காலத்துல எஸ்டேட் ஜீப்புல கிளீனராம். கால் மணி நேரத்துல வண்டி கிளம்பிருச்சு. அன்னைலேருந்து ஒரு பழைய பனியனும் ரெண்டு பாட்டில் தண்ணியும் இல்லாம நான் வீட்ட விட்டு இறங்குறது இல்ல. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, பழைய ரப்பர் ஹோஸ், பம்ப்புக்குள்ள இருக்க டயாஃப்ரம் எல்லாத்தையும் ஊற வச்சிருது, அத தாங்குற ரப்பரா மாத்திருங்க. மாசக்கணக்குல டேங்க்ல பெட்ரோல போட்டும் வைக்காதீங்க, எத்தனால் காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், டேங்க்கு உள்ளுக்குள்ள துரு பிடிக்கும்.

அப்ப சித்திரை வைகாசில வண்டிய எடுக்கவே கூடாதான்னா, எடுக்கலாம், விடிகாலைல. அஞ்சு மணிக்கு கிளம்பி அழகர்கோயில் ரோட்டுல பைய போயி, நுங்கு வெட்டுற எடத்துல நின்னு சாப்ட்டு, எட்டரைக்குள்ள வீட்டுக்கு வந்துரணும். டெம்பரேச்சர் மீட்டர் பாரன்ஹீட்ல இருக்கும், முள்ளு 180 பக்கத்துல நிக்கிற வரைக்கும் கவலை இல்ல, 200ஐ தொட்டா நிழல் தேடுங்க. அழகர் ஆத்துல இறங்குற சமயம் மட்டும் வேணாம். அந்த நாலஞ்சு நாளு மதுரையில ரோடு அழகருக்கும் ஜனத்துக்கும் சொந்தம், ஜீப்பு செட்டுலயே கெடக்கட்டும்.

ஆடிய பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய்ல அந்த மாசம் அடிக்கிற காத்து இருக்கே, கதவு இல்லாத வண்டில அத அனுபவிச்சு தான் பாக்கணும். மேல போட்டிருக்க தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பிக்கிட்டு வண்டிய ஓரமா தள்ளும், கழட்டி மடிச்சு உள்ள வச்சிருங்க. புழுதி வேற. இந்த ஜீப்புல ஏர் ஃபில்டர் பேப்பர் கெடையாது, ஒரு கிண்ணத்துல ஆயில் இருக்கும், காத்து அதுல பட்டு தூசிய விட்டுட்டு உள்ள போகும். ஆடி ட்ரிப் ஒன்னு போயிட்டு வந்து அந்தக் கிண்ணத்த கழட்டிப் பாருங்க, அல்வா மாதிரி சேறு இருக்கும். ஒவ்வொரு தடவையும் வழிச்சுப் போட்டுட்டு புது ஆயில் ஊத்தணும், சோம்பேறித்தனம் பட்டா அந்த மண்ணு சிலிண்டர திங்கும்.

ஐப்பசி கார்த்திக உங்க ஊர்க்காரருக்கு நான் சொல்லணுமா, கரிசல் மண்ண பொறந்ததுலேருந்து பாக்குறீங்க. நான் தான் பாடம் படிச்சேன். நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் வீல் இருக்குங்கிற திமிருல கள்ளிக்குடி பக்கம் ஒரு கண்மாய்க்கர ஓரமா மழை விட்ட ரெண்டாம் நாளு இறக்குனேன். இந்த ஜீப்புக்குன்னு வர்ற மிலிட்டரி டயர் பாக்க பட்டை பட்டையா முரட்டுத்தனமா இருக்கும், ஆனா கரிசல் அந்த பட்டைக்கு நடுவுல அப்பிக்கிச்சுன்னா டயர் மொழுமொழுன்னு உருளைக்கட்டை ஆயிரும். நாலு சக்கரமும் சுத்துது, வண்டி அதே எடத்துல நிக்குது, பைய பைய பக்கவாட்டுல கண்மாய்ப் பக்கம் சறுக்குது. என் மச்சினன் எறங்கித் தள்ளுறேன்னு போயி செருப்பு ரெண்டையும் மண்ணுக்கு குடுத்துட்டான். ஒரு டிராக்டர்காரர் வந்து கயித்த கட்டி இழுத்துவிட்டுட்டு, காசு வேணாம்னு சொல்லிட்டு, "யுத்தத்துல ஓடுன வண்டியாண்ணே?"ன்னு மட்டும் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அந்த சிரிப்புக்கு ஆயிரம் ரூவா குடுத்திருக்கலாம்.

மழைல போறதா இருந்தா தார் ரோட்டுலயே போங்க, அங்க ஃபோர் வீல போடாதீங்க, பிடிப்பு உள்ள தார்ல போட்டா முன்னாலயும் பின்னாலயும் இருக்க ஆக்ஸில் ஒன்னோட ஒன்னு மல்லுக்கட்டி, ரெண்டுக்கும் சக்தி பிரிச்சுக் குடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ முறுக்கிரும். தண்ணில இறங்கி ஏறுனா பிரேக்கு டிரம்முக்குள்ள தண்ணி போயி பிடிக்காது, கொஞ்ச தூரத்துக்கு பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே ஓட்டி காய வைக்கணும். நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்ங்கிறதையும் மறந்துராதீங்க, ஒரு எடத்துல ஒழுகுனா எல்லாம் போச்சு. வைப்பர் கையால ஆட்டுறது. அதுவும் வீட்டம்மா வேலை தான்.

டயர்னு சொன்னதும் இன்னொன்னு. 6.00-16 சைஸ். டிராக்டர் முன்சக்கரத்துலயும் அதே சைஸ் வரும், மலிவா கெடைக்கும், எவனாச்சும் மாட்டிக்கோங்கன்னு சொல்லுவான். அது வயக்காட்டு வேகத்துக்கு செஞ்சது, மாட்டிராதீங்க.

நல்ல மாசம்னா மார்கழியும் தையும் தான். இஞ்சின் குளுகுளுன்னு ஓடும், ஒரு தொந்தரவும் இல்ல, ஸ்வெட்டரும் மஃப்ளரும் மட்டும் போதும். சிறுமலை ஏறலாம், போடி வழியா குரங்கணி அடிவாரம் வரைக்கும் போகலாம், திரும்பி வரும்போது பனங்கிழங்கு கட்டு வாங்கிட்டு வரலாம். இறக்கத்துல செகண்ட் கியர்ல விட்டுட்டு இஞ்சின வச்சே வண்டிய பிடிங்க, பிரேக்க நம்பாதீங்க. இருட்டுறதுக்குள்ள கீழ வந்துருங்க, 6 வோல்ட் ஹெட்லைட்டு வெளிச்சம் சாமி ரூம் விளக்கு அளவுக்கு தான் இருக்கும்.

இப்ப பெயின்ட்டுக்கு வர்றேன். இதுல கொஞ்சம் கோவமா எழுதிருந்தா மன்னிச்சிருங்க, உங்க மேல இல்ல. பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேற எந்த வண்டிக்கும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாதுன்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121வது விதி சொல்லுது. யுத்தத்துல ஓடுன ஒரிஜினல் வண்டி தாங்கன்னு ரோட்டுல நிறுத்துற போலீஸ்கிட்ட விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க முடியாது. அம்புக்குறி போட்ட ஆர்மி நம்பர் ஆர்மிக்கு மட்டும் தான், அத நெனச்சே பாக்காதீங்க. வெள்ளை ஸ்டார் அமெரிக்காகாரன் அடையாளம், அத ஜோங்கா பானட்ல ஒட்டுனா உங்க பெரியப்பாவே சிரிப்பாரு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் வண்டி 1944ல செஞ்சது, யுத்தம் 1945ல முடிஞ்சு போச்சு. பட்டாளத்து வண்டியா அது இருந்தது கொஞ்ச காலம் தான். ஆர்மி கழிச்சு விக்கிற டிஸ்போசல்ல கைமாறி கைமாறி போடிக்கு மேல ஒரு ஏலக்காத் தோட்டத்துக்கு வந்து, அம்பது வருசத்துக்கு மேல ஆளையும் உர மூட்டையையும் ஏலக்கா மூட்டையையும் ஏத்தி இறக்கிருக்கு. பிரசவ வலி கண்ட பொம்பளைய ராத்திரில இதுல தான் கீழ இறக்குவோம்னு வித்தவரு சொன்னாரு. பெயின்ட்ட சொரண்டும்போது மேல நீலம், அதுக்கடில சாம்பல், அப்பறம் செவப்பு பிரைமர், கடைசில தான் பச்ச வந்துச்சு. மெக்கானிக்கு பூராத்தையும் சொரண்டி பச்சைக்கே கொண்டு போயிருவோம்ணேன்னான். எனக்கு மனசு வரல. எஸ்டேட்காரன் அடிச்ச நீலத்தையே திருப்பி அடிச்சேன், டேஷ்போர்டு ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பச்சைய விட்டு வச்சிருக்கேன். கண்காட்சிக்கு கொண்டு போனா நீல கலர் ஜீப்ப யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அது வேற விசயம். ஆனா ஒரு தடவ போடில டீ குடிக்க நிறுத்துனப்ப ஒரு பாட்டி பின்கம்பிய பிடிச்சுப் பாத்துட்டு "இதுல நான் தொங்கிக்கிட்டு போயிருக்கேன்"னுச்சு. நெசமா இதே வண்டிதானான்னு நான் கேக்கல.

அதனால தான் சொல்றேன், நீங்க வில்லீஸ் பக்கம் போகாதீங்க. உங்க கதை ஜோங்கா. நிசான் பேட்ரோல் லைசென்ஸ்ல 1969லேருந்து ஜபல்பூர்ல செஞ்ச வண்டி, 1999ல நிறுத்திட்டாங்க, நாலு லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். லிட்டருக்கு அஞ்சாறு கிலோமீட்டர் தாண்டாது, உங்க வீட்டம்மாகிட்ட இத இப்ப சொல்லாதீங்க. வாங்கும்போது ஆர்மி ஏலத்து பேப்பர்லேருந்து ஆர்சி வரைக்கும் சங்கிலி அறாம இருக்கான்னு பாருங்க, பேப்பர் இல்லாதத யாராச்சும் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. 2021ல வின்டேஜ் வண்டிக்குன்னு விஏ நம்பர் கொண்டு வந்தாங்க, அதுக்கு அம்பது வருசம் ஆகிருக்கணும், புதுசா பதிய 20,000 ரூவா, பத்து வருசத்துக்கு செல்லும். ஆனா அந்த நம்பர் போட்டா கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்கன்னு தான் ரோட்டுல எடுக்கலாம், நெனச்சப்பல்லாம் ஓட்ட முடியாது. மாசாமாசம் ஊர் சுத்தணுங்கிற உங்களுக்கு அது ஒத்துவராது, எண்பதுகள்ல செஞ்ச ஜோங்காவா இருந்தா வயசும் பத்தாது. சாதாரண ஆர்சிய எஃப்சி காட்டி ரென்யூ பண்ணிக்கிட்டே வாங்க, ஃபீஸ் ஏறிக்கிட்டே தான் இருக்கு, வேற வழி இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி பெரியப்பாவ ஒரு நா இங்கிட்டு கூட்டிட்டு வாங்க. பொங்கல் மூணு நாளும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு ஜல்லிக்கட்டுக் கூட்டம் இருக்கும், அது அடங்குன மறு ஞாயித்துக்கிழம காலைல வாங்க, அழகர்கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம். என் வண்டில ஃபர்ஸ்ட் கியருக்கு, கியர சத்தமில்லாம விழ வைக்கிற சின்க்ரோ கெடையாது, ஓட்டத்துல போடணும்னா டபுள் கிளட்ச், அதாவது கிளட்ச ரெண்டு தடவ மிதிக்கணும், நான் இன்னும் பத்துக்கு ரெண்டு தடவ கரகரன்னு சத்தம் வர வைக்கிறேன். போகும்போது அவரு வலது பக்கம் உக்காந்து எனக்கு வழி சொல்லட்டும், வரும்போது சாவிய அவருகிட்ட குடுத்துர்றேன். லைசென்ஸ் செல்லுதான்னு மட்டும் பாத்து எடுத்துட்டு வரச் சொல்லுங்க.