உக்கடத்தில் வாங்கிய மீனுக்கு ஊர் எது? – கேள்வி பதில்

கொங்கு நாட்டில் கடல் இல்லை. ஆனாலும் “இது என்ன மீனுங்க?” என்று எனக்கு வரும் படங்களுக்குக் குறைவில்லை. தூத்துக்குடிப் பக்கம் மீன் இறங்கும் தளங்களில் சில வருடம் மீன் எண்ணிக் குறித்த பழக்கம் உண்டு, அதனால் எல்லோரும் என் பக்கமே தள்ளிவிடுகிறார்கள். சின்னக் கடல் மீன்களை அடையாளம் காண்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

சிங்காநல்லூர் அம்மா ஒருவர்: உக்கடம் மார்க்கெட்டில் வாங்கிய நெத்திலிக்குள் வெள்ளித் தகடு மாதிரி தட்டையாக ஒரு பொடி மீன். வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் போல நீளுதுங்க. யாரும் பார்க்காத மீனாக இருக்குமோ?

பார்த்திருக்கிறார்கள் அம்மா, நீங்களும்கூட கருவாடாகப் பார்த்திருப்பீர்கள். காரல் மீன், காரப்பொடி என்போமே, அதுதான். ஆனால் காரலில் பல இனம் உண்டு. வாயை மெதுவாக இழுத்து, எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர் பேரினம். கீழ்நோக்கி என்றால் லியோக்னாதஸும் அதன் பங்காளிகளும். நேராக நீண்டு, தாடையில் கோரைப்பல்லும் இருந்தால் காசா. காரல் மீன்களின் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இவ்வளவு இருந்தும் குழம்பில் போட்டால் நமக்கு வெறும் காரப்பொடிதான்!

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அது நிஜமாகவே அபூர்வ மீனாக இருந்தாலும், ‘புது இடத்தில் கிடைத்தது’ என்று பதிய முடியாது. அந்தப் பெட்டி பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளாவிலிருந்து வந்ததா, ராமேஸ்வரத்திலிருந்து வந்ததா? கடைக்காரருக்கே தெரியாது. ஐஸ் பெட்டியில் ஏறியதும் மீனுக்கு ஊர் போய்விடுகிறது.

பெருந்துறைக் கல்லூரி மாணவி: ராமேஸ்வரம் டூர் போகிறோம். பாறைக்குட்டையில் வித்தியாசமான சின்ன மீன் கண்ணில் பட்டால் என்ன செய்யணும் சார்?

முதலில் எதையும் பிடிக்காதேம்மா. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கக் கூடாது. கடல்குதிரையையும் அதன் உறவான குழல்மீனையும் எங்குமே தொடக் கூடாது, வனவிலங்குச் சட்டம் பாயும். பூங்காவுக்கு வெளியே மீனவர் வலையில் செத்துக் கிடக்கும் மற்ற மீன்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியதும் இடது பக்கம் தெரிய, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடு. நிறம் ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும், அதனால் இதுதான் முதல் வேலை. அப்புறம் டிஎன்ஏ பார்ப்பதற்காக வலது பக்கத்தில் ஒரு துணுக்குச் சதை வெட்டி 95 சதவீத ஆல்கஹாலில் போடு. இடது பக்கம் படத்துக்கும் அளவுக்கும் முழுசாக இருக்கட்டும். பிறகு மீனை ஃபார்மலினில் வைக்க வேண்டும், ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அதை உங்கள் பேராசிரியர் பார்த்துக்கொள்ளட்டும், கையிலும் கண்ணிலும் பட்டால் ஆபத்து. வரிசையை மாற்றிவிடாதே. ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

கடைசியாக லேபிள். இடம், தேதி, ஆழம், எந்த வலை, யார் கொடுத்தது, எல்லாம் பென்சிலில். நான் ஒருமுறை பால்பாயின்ட் பேனாவில் எழுதிப் பாட்டிலுக்குள் போட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் வெள்ளைக் காகிதமும் அநாதை மீனும். இன்றுவரை அது எந்த ஊர் மீன் என்று தெரியாது.

பல்லடம் நண்பர்: துடுப்பில் முள் எண்ணுவது எப்படி?

லென்ஸும் குண்டூசியும் போதும். விறைப்பாக, பிரிவில்லாமல் இருந்தால் முள். கணுக்கணுவாக, பெரும்பாலும் நுனி பிளந்து வளைந்தால் மென்கதிர். முள்ளை ரோமன் எண்ணிலும் கதிரைச் சாதாரண எண்ணிலும் எழுதுவது வழக்கம். காரலுக்கு முதுகில் 8 முள், 16 கதிர் என்பது பொதுக் கணக்கு. கடைசி இரண்டு கதிர் ஒரே அடியிலிருந்து கிளம்பினால் ஒன்றாக எண்ணுங்கள், புதியவர்கள் தவறுவது இங்கேதான். நீளத்தை வால்நுனி வரை அளக்காதீர்கள், அது பிய்ந்திருக்கும். வாலை மடக்கினால் மடிப்பு விழும் இடம் வரை அளவு.

திருப்பூர் வாசகர்: டிஎன்ஏ பார்த்தால் பெயர் வந்துவிடாதா? எதுக்குங்க இந்தக் கணக்கெல்லாம்?

சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்தைப் படித்து, பெயர் தெரிந்த மீன்களின் மரபணுத் தொகுப்பில் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிடுவார்கள். அந்தத் தொகுப்பில் தப்பாகப் பெயர் போட்ட மீனும் உண்டு. தப்பான மீனோடு உங்கள் மீன் கச்சிதமாகப் பொருந்தினால் என்ன செய்வீர்கள்? உடல் பாட்டிலில் இருந்தால்தான் மறுபடி எண்ணிப் பார்க்கலாம். அதனால்தான் இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற இடத்தில் மாதிரியை ஒப்படைத்துப் பதிவெண் வாங்கச் சொல்கிறார்கள்.

கோபிசெட்டிபாளையம் ஆசிரியர்: விரல் நீள மீன் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு எப்படிப் போகிறது?

கப்பலில்தான், பல சமயம். பாரம் சமன்செய்ய ஏற்றும் கடல்நீரில் குஞ்சுகள் போகும், அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிக்கூட்டுக்குள் பெரியவையும் போகும். ஓமோபிராங்கஸ் பங்டேட்டஸ் என்று ஒரு சுண்டுவிரல் மீன், 1836இல் பம்பாய் மாதிரியை வைத்து விவரித்தார்கள். அது இன்று டிரினிடாடிலும் பிரேசிலிலும் இருக்கிறது. டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் 1917 வரை நம் நாட்டு ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போன கப்பல்களோடு போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூடவே போன அந்தக் குடும்பங்களைப் போல மீனும் அங்கேயே தங்கிவிட்டது.

பவானி இளைஞர்: கூடுதுறைப் பக்கம் மணலில் படுத்துக் கிடந்த மீனைப் பிடித்தோம். கூகுளில் தேடினால் கடல் மீன் என்று வருகிறது!

வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒட்டிக் கிண்ணம் மாதிரி இருந்ததா? அப்படியானால் உளுவை. கழிமுகத்திலும் வாழும், ஆற்றிலும் வாழும். புதுச் செய்தி இல்லை தம்பி.

பொள்ளாச்சி மாணவர்: புது இனம் கண்டுபிடித்தால் எங்கள் ஊர்ப் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், ஊருக்கு ‘என்சிஸ்’ என்று முடியும். யோசித்து வையுங்கள். நம் பாலக்காட்டுப் பக்கத்தார் கொண்டாடும் கரிமீனுக்கு அறிவியல் பெயர் எட்ரோப்ளஸ் சுரடென்சிஸ், அதாவது சூரத் ஊர் மீன். அது வாழ்வதோ தென்னிந்திய, இலங்கை உப்பங்கழிகளில். ஊர் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதியில் இடமில்லை, சூரத்தைச் சுமந்துகொண்டே நீந்துகிறது.

மறுபடியும் சிங்காநல்லூர் அம்மா: அப்போ அந்தக் காரலைக் குழம்பு வைத்துவிடலாமுங்களா?

வையுங்கள், முள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவும்போது வாயை ஒருதடவை இழுத்துப் பார்த்து, மேலா கீழா என்று எனக்குச் சொல்லிவிடுங்கள்.