வாக்யூ என்ற ஜப்பானிய இறைச்சி மாட்டினத்தின் கன்றுக்கு மார்பிளிங் வருமா என்பதை மரபணுச் சோதனையில் முன்பே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் ஒற்றை மரபணுவை நம்பினால் ஏமாற்றம்தான்.

இறைச்சிக்குள் வெள்ளை நூல் நூலாகப் படியும் கொழுப்புதான் மார்பிளிங். ஜப்பானில் 6, 7ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டிப் பார்த்து 1 முதல் 12 வரை மதிப்பெண் போடுவார்கள். அதாவது, மாடு போன பிறகுதான் விவரம் தெரியும். பொலிகாளையைத் தேர்ந்தெடுக்க அதன் கன்றுகள் வளர்ந்து வெட்டுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். மரபணுக் குறியீடுகள்மேல், அதாவது ஒரு குணம் வருமா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளங்கள்மேல், இவ்வளவு ஆசை வந்ததற்கு அதுவே காரணம்.

முதலில் தைரோகுளோபுலின் என்ற தைராய்டு புரதத்தின் மரபணுவில், டிஎன்ஏவின் ஒரு எழுத்து மாறியிருப்பதைப் பிடித்தார்கள். சோதனை விற்பனைக்கும் வந்தது. சில மந்தைகளில் பலித்தது, சிலவற்றில் இல்லை. கொழுப்பை மாற்றும் ஒரு நொதிக்கான எஸ்சிடி (SCD) மரபணுவின் கதை வேறு. அது கொழுப்பின் தன்மையை மாற்றுகிறது: ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் ஒலீயிக் அமிலம் கூடினால் கொழுப்பு குறைந்த சூட்டிலேயே உருகும், வாயில் கரையும்.

இப்போது பல ஆயிரம் குறியீடுகளை ஒரே டிஎன்ஏ சோதனைச் சிப்பில் படித்துக் கூட்டி மதிப்பிடுகிறார்கள். தீவனம் சரியில்லை என்றால் அதுவும் வீண்.