விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிளாக்பெர்ரிக்கு என்ன இடம் இருந்தது?

கேள்வி: பழைய ஆங்கில எழுத்துகளில் ஏதாவது ஏராளமாகக் கிடைக்கிறது என்றால் "பிளாக்பெர்ரி போல" என்கிறார்களே, அந்தப் பழம் அவ்வளவு மலிவா? மைக்கேல்மஸ் திருநாள் கழிந்தால் அதைப் பறிக்கக் கூடாது என்று உண்மையிலேயே நம்பினார்களா?

பதில்:

மலிவு என்பதைவிட, விலையே இல்லாத பழம் என்று சொல்லலாம். வேலியோரம் தானாக முளைக்கும் முட்செடியின் கறுப்புப் பழம் அது, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனால் "பிளாக்பெர்ரி போல" என்று எழுதியவர்கள் பெரும்பாலும் அதை நம்பிக் குளிர்காலத்தை ஓட்ட வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். நம்பியிருந்தவர்கள் வேறு. இங்கிலாந்துக்கு வந்த பிறகு ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய பள்ளிப் பதிவேடுகளைப் படியெடுக்கும் தன்னார்வ வேலைக்குப் போகத் தொடங்கினேன். அந்த மக்கள் எனக்கு அறிமுகமானது அங்கேதான்.

முதலில் சொல்வழக்கு. அது விக்டோரியா காலத்தில் பிறந்ததில்லை. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தில், முதல் பாகத்தில், ஃபால்ஸ்டாஃப் என்ற பாத்திரம் சொல்வது: காரணங்கள் பிளாக்பெர்ரி மாதிரி கொட்டிக் கிடந்தாலும், கட்டாயப்படுத்திக் கேட்டால் ஒன்றுகூடத் தர மாட்டேன். 1590களின் வசனம். விக்டோரியா காலத்துக்கு வரும்போது படித்தவர்கள் நாவில் அது பழகிப்போயிருந்தது. பூக்களுக்கு அர்த்தம் சொல்லும் புத்தகங்கள் அப்போது நடுத்தர வீடுகளில் பிரபலம். 1884இல் கேட் கிரீனவே வெளியிட்ட தொகுப்பில் இந்த முட்செடிக்குத் தாழ்மை, பொறாமை, குற்றவுணர்வு என்று பொருள் தந்திருக்கிறார்கள். ரோஜாவின் சொந்தக்காரச் செடிக்கு இப்படி ஒரு வரவேற்பு.

செடி ஏன் அவ்வளவு எங்கும் பரவியது என்பது முக்கியம். 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, ஊர்ப் பொது நிலங்களையும் திறந்த வயல்களையும் அடைத்துத் தனியார் கைக்கு மாற்றியது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகளுக்கு இருந்த இடம் போயிற்று. அடைத்த நிலத்தைச் சுற்றி ஹாதார்ன் முள்வேலி நட்டார்கள். வேலியில் உட்கார்ந்த பறவைகள் போட்ட எச்சத்திலிருந்து பிளாக்பெர்ரி முளைத்தது. நிலத்தை இழந்தவர்களின் பிள்ளைகள் அந்த வேலியில்தான் பழம் பறித்தார்கள்.

தோட்டத்து ஆப்பிளைத் திருடினால் 1861ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி சிறைக்கே போகலாம். காட்டுப் பழம் பறிப்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் திருட்டாகாது. ஆனாலும் நிம்மதியாகப் பறிக்க விட்டார்களா என்றால், இல்லை. கௌதாரி வேட்டை செப்டம்பர் 1 அன்று தொடங்கும், ஃபெசன்ட் வேட்டை அக்டோபர் 1 அன்று. பழம் பழுப்பதும் சரியாக அதே நாள்களில். பண்ணையாரின் வேட்டைப் பறவைகளைக் காக்கும் காவலாளிக்குப் புதருக்குள் பிள்ளைகள் நுழைவது ஆகவே ஆகாது.

இனிப் பள்ளிப் பதிவேடு. 1862இல் பள்ளிகளுக்கு வந்த திருத்த விதிகள், அரசு மானியத்தைப் பிள்ளைகளின் வருகையோடும் தேர்வு முடிவோடும் கட்டிப்போட்டன. சராசரி வருகைக்கு ஆளுக்கு 4 ஷில்லிங், தேர்வில் தேறும் பிள்ளைக்குப் பாடத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் வீதம் மூன்று பாடத்துக்கு 8 ஷில்லிங் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). பிள்ளை வராவிட்டால் பள்ளிக்குப் பணம் நஷ்டம். எனவே தலைமையாசிரியர் தினப் பதிவேட்டில் யார் ஏன் வரவில்லை என்று எழுதிவைத்தார். ஆகஸ்டில் கதிர் பொறுக்கல், செப்டம்பரில் பிளாக்பெர்ரி, பிறகு உருளைக்கிழங்கு, ஓக் கொட்டை. கையெழுத்து மாறும், ஆசிரியர் மாறுவார், காரணம் மட்டும் ஆண்டுதோறும் அதே. சில ஊர்களில் ஆசிரியரே தோற்று, அரைநாள் விடுமுறை விட்டுவிடுகிறார். 1880இல் பத்து வயது வரை பள்ளிக்கு வருவது கட்டாயமான பின்னும் இது நிற்கவில்லை. எழுத்தில் எரிச்சல் தெரிகிறது. எனக்கு அந்த ஆசிரியர்மீதும் கோபம் வரவில்லை, பிள்ளைகள்மீதும் வரவில்லை. 1870களில் தென் இங்கிலாந்தில் வயல் கூலி வாரத்துக்குச் சுமார் 12 ஷில்லிங். அதற்குள் வாடகை, ரொட்டி, 1891 வரை பள்ளிக்கும் வாரக் கட்டணம். ஒரு கூடைப் பழத்தை வியாபாரியிடம் போட்டுக் கிடைக்கும் சில பென்னி, குளிர் வருவதற்குள் ஒரு பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்க உதவியது.

விற்காமல் மிஞ்சியது ஜாம் ஆகும். இதற்குப் பின்னால் சர்க்கரையின் கதை ஒன்று இருக்கிறது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியை அறவே நீக்கியது. ஐரோப்பாவின் பீட் கிழங்குச் சர்க்கரையும் வந்து குவிய, நூற்றாண்டின் முடிவில் ஒரு பவுண்டு சர்க்கரை ஏறக்குறைய 2 பென்ஸுக்குக் கிடைத்தது. அதற்கு முன் பழம் சும்மா கிடைத்தாலும், அதைக் கெடாமல் வைக்கச் சர்க்கரைக்கு வழியில்லாத வீடுகள் எத்தனையோ. பிளாக்பெர்ரி தனியாகக் கொதித்தால் சரியாக உறையாது, ஜாமை உறையவைக்கும் பெக்டின் அதில் குறைவு. காற்றில் உதிர்ந்த புளிப்பு ஆப்பிளை நறுக்கிச் சேர்த்தால் கெட்டியாகும். கல்ஜாடியில் ஊற்றி, முட்டை வெள்ளைக்கரு தடவிய காகிதத்தை வாயில் ஒட்டுவார்கள். காய்ந்ததும் அது பறைத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். வெண்ணெய் வாங்க முடியாத வீட்டில் ரொட்டிக்கு மாதக்கணக்கில் துணை அதுதான்.

இந்த இடத்தில் எலிசபெத் பேரட் பிரௌனிங்கோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1856இல் வெளிவந்த 'அரோரா லீ' என்ற நெடுங்கவிதையில், பூமி முழுக்கச் சொர்க்கம் நிறைந்திருக்கிறது, ஒவ்வொரு சாதாரணப் புதரிலும் கடவுள் நெருப்பாக எரிகிறார், அதைக் காண்பவன் மட்டுமே செருப்பைக் கழற்றுகிறான், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பிளாக்பெர்ரி பறிக்கிறார்கள் என்கிறார். பிரமாதமான வரிகள். தொழிலாளர் பிள்ளைகளுக்காக மனமுருகிப் பாடியவரும் அவர்தான். ஆனாலும் பறிக்கிறவர்களைப் பார்வையற்றவர்கள் பக்கம் சேர்த்தது எனக்கு ஒப்பவில்லை. கழற்றுவதற்குச் செருப்பு இல்லாத பிள்ளைகளும் அந்தப் புதரடியில் நின்றார்கள்.

பழம் மட்டுமல்ல, கொடியும் பயன்பட்டது. நீண்ட தண்டை வெட்டி, முள்ளைச் சீவி, நெடுக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் தக்கையைச் சுரண்டி எடுத்தால் உறுதியான நார் கிடைக்கும். வைக்கோல் புரியைச் சுற்றிச் சுற்றி வைத்து, வாத்துக் கால் எலும்பில் செய்த ஊசியால் அந்த நாரைக் கோத்துத் தைத்தால் தேனீ வளர்க்கும் கூடை தயார். கக்குவான் இருமல் வந்த குழந்தையை, நுனியும் மண்ணில் வேர்விட்டு வளைந்து நிற்கும் கொடிக்கு அடியில் நுழைத்து எடுத்தால் குணமாகும் என்று நம்பிய ஊர்களும் இருந்தன. குழந்தைக்கு எதுவும் செய்ய முடியாத தாய் எதைத்தான் செய்யமாட்டாள்?

கடைசியாக மைக்கேல்மஸ். ஆம், நம்பினார்கள். தேவதூதர் மைக்கேல் சாத்தானைச் சொர்க்கத்திலிருந்து தள்ளிவிட, அவன் வந்து விழுந்தது பிளாக்பெர்ரி முள்ளில். அந்தக் கோபத்தில் ஆண்டுதோறும் அதே நாளில் வந்து பழத்தின்மேல் துப்பிவிட்டுப் போகிறான், அதற்கப்புறம் தொடக் கூடாது என்பது கதை. துப்புகிறான் என்பார்கள் ஓர் ஊரில், மிதிக்கிறான் என்பார்கள் இன்னோர் ஊரில். தேதியிலும் ஒற்றுமை இல்லை. திருநாள் செப்டம்பர் 29. ஆனால் 1752இல் நாட்காட்டியை மாற்றி 11 நாள்களைத் தள்ளியபோது பழைய கணக்கை விடாத ஊர்கள் அக்டோபர் 10 வரை பறித்தன. தோட்டக்காரர் கண்ணால் பார்த்தாலும் இந்தக் கெடு ஏறக்குறையச் சரிதான். அக்டோபரில் பனியும் ஈரமும் ஏறினால் பழம் நீர்த்துச் சப்பென்றாகும், சாம்பல் பூஞ்சை பிடிக்கும், ஈ மொய்க்கும். அம்மா சொல்லிக் கேட்காத பிள்ளையையும் சாத்தான் பேரைச் சொன்னால் நிறுத்திவிடலாம்.