ஜப்பானில் கொலை இவ்வளவு குறைவு, அமெரிக்காவில் இவ்வளவு கூட: வறுமைதான் காரணமா?

வறுமைதான் காரணம் என்றால் அமெரிக்காவை விட இலங்கையில் கொலை கூட நடக்க வேண்டும். நடப்பதில்லை. ஒரு இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை கொலை என்று பார்த்தால் ஜப்பானில் ஒன்றுகூட வராது, இலங்கையில் சுமார் 3, அமெரிக்காவில் 2021இல் 6ஐத் தாண்டியது, எல் சல்வடோரில் 2015இல் 100க்கும் மேல். அதே மத்திய அமெரிக்காவில் உள்ள நிக்கரகுவா இன்னும் ஏழை நாடு, ஆனாலும் அந்த எண்ணுக்குக் கிட்டவும் போகவில்லை. எல் சல்வடோரில் 1992 வரை உள்நாட்டுப் போர். அதற்குப் பிறகு லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களோடு கும்பல்களும் வந்து இறங்கின.

நான் முதலில் பார்ப்பது, கோபம் தலைக்கேறும் நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான். காணிச் சண்டை, குடிச் சண்டை, குடும்பச் சண்டை எல்லாம் திருகோணமலையிலும் உண்டு, டெக்சஸிலும் உண்டு. அமெரிக்காவில் ஐந்து கொலைகளில் நான்கு துவக்கால் நடப்பவை. கையாலும் தடியாலும் அடிபட்டவன் பிழைக்க இடமிருக்கிறது, சூடுபட்டவனுக்கு அது அதைவிடக் குறைவு.

அப்புறம், அட்டவணையில் ஏறாதவர்கள். போரில் செத்தவர்களை வேறாகத்தான் எண்ணுவார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இந்தக் கொலைக் கணக்கில் இல்லை. மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்று கேட்டு நிற்கும் தாய்மார் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த 3ஐ மட்டும் காட்டி இலங்கை அமைதியான நாடு என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் தற்கொலையையும் வன்முறை மரணமாகவே சேர்க்கிறது. 2000ஆம் ஆண்டுக்கு அது போட்ட கணக்கில் உலகம் முழுக்க 16 இலட்சம் வன்முறை மரணங்கள், அதில் ஏறக்குறையப் பாதி தற்கொலை. இப்படிச் சேர்த்துப் பார்த்தால் ஜப்பானும் நல்ல பிள்ளை இல்லை. எங்கள் நாடு அதைவிட மோசமாக இருந்தது: 1995இல் ஒரு இலட்சத்துக்கு 47 பேர் அளவில், உலகத்திலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று. கந்தளாய், மூதூர் மாதிரி வயல் ஊர்களில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அந்த ஆண்டிலிருந்து மிகக் கொடிய நஞ்சுள்ளவற்றை அரசு படிப்படியாகத் தடை செய்தது, எண் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கியது. கடனோ, குடியோ, கவலையோ குறைந்ததால் இல்லை, 2009 வரை போரே நடந்துகொண்டிருந்தது. துவக்கைக் கட்டுப்படுத்திப் பயனில்லை, சாக நினைப்பவனும் கொல்ல நினைப்பவனும் வேறு வழி தேடுவான் என்று வாதாடுபவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.