பக்கத்து வீட்டு நாயை அவிழ்த்துக்கொண்டு வரலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு லாப்ரடார் நாயை இரண்டு முழச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மேலே தகரக் கூரை, தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடக்கிறது. கேட்டால், ‘எங்க வீட்டு நாய், உங்களுக்கு என்ன?’ என்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது அவிழ்த்து வந்துவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். சட்டத்துக்கு நாய் ஒரு அசையும் சொத்து. நீங்கள் கூட்டி வந்தால் திருட்டு என்றும், அதற்காக மாடி ஏறினால் வீட்டுக்குள் அத்துமீறல் என்றும் அவர்கள் புகார் கொடுப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 303, 329 பிரிவுகள். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்பதை நீங்கள் கோர்ட் படியேறித்தான் சொல்ல வேண்டியிருக்கும். சாப்பாடும் போடாதீர்கள். நாளை நாய்க்கு ஏதாவது ஆனால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

உங்கள் மாடியில் நின்றே படம் எடுங்கள். சங்கிலியின் முழு நீளமும் காலிச் சட்டியும் ஒரே படத்தில் வரட்டும். மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என ஒரே நாளில் எடுத்தால், கொஞ்ச நேரம்தான் கட்டியிருந்தோம் என்ற சாக்கு எடுபடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்கள் அழிந்துவிடும். போனில் உள்ள அசலை அழிக்காதீர்கள்; கோர்ட்டில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும்.

புகார் மனுவில் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11(1) பிரிவைக் குறிப்பிடுங்கள். அதில் குட்டைச் சங்கிலி, கட்டியே வைத்த நாயை நடக்க விடாதது, தீனி தண்ணீர் தராதது மூன்றுக்கும் தனித்தனி உட்பிரிவு உண்டு. ஆனால் இவை போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத குற்றங்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும் என்று சொல்லி சி.எஸ்.ஆர். (மனு பெற்றுக்கொண்டதற்கான) ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். அதனால் மனுவிலேயே ஒரு வரி சேருங்கள்: ‘34-ஆம் பிரிவின்படி நாயைக் கைப்பற்றிப் பரிசோதனைக்கு அனுப்பக் கோருகிறேன்.’ கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எந்த போலீஸ் அதிகாரிக்கும் அந்த அதிகாரம் உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் இந்தச் சட்டத்தில் வழக்கே தொடர முடியாது.

முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு டீ, வடை காசு! பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை அது. எனவே அபராதத்தை நம்பாதீர்கள். குற்றம் நிரூபணமாகி, நாய் மறுபடியும் வதைபடும் என்று கோர்ட் கருதினால், 29-ஆம் பிரிவின்படி அதை உரிமையாளரிடமிருந்தே பறிக்கலாம். அவர்கள் பயப்படுவது அதற்குத்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் யாரோ கோழிக்கறியில் விஷம் வைத்து இரண்டு நாய்கள் நுரை தள்ளிச் செத்தன. புதைத்துவிட்டுப் புகார் கொடுக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: புதைத்தால் கேஸும் சேர்ந்தே புதையும். இது வேறு ரகக் குற்றம். வதைத் தடுப்புச் சட்டம் 11(1)(எல்) பிரிவோடு (கொடூரமாகக் கொல்வது), நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவும் (விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனப்படுத்துவது) பொருந்தும். ஐந்து வருடம் வரை சிறை. இரண்டிலும் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

உடலை வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் வையுங்கள். உறைய விடாதீர்கள், திசுக்கள் சிதைந்துவிடும். மிச்சக் கறியைத் தனியாகச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, சாட்சிகள் முன்னிலையில் போலீசிடம் கொடுங்கள். போலீஸ் எழுத்துமூலம் கேட்டால் அரசு கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்வார். இரைப்பை, ஈரல், சிறுநீரகத்தை உப்பு மேலும் கரையாத அளவு கலந்த நீரில் போட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். யாராவது பழக்க தோஷத்தில் ஃபார்மலினில் (உடல் பாகங்களைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் விஷத்தைக் கண்டுபிடிப்பது கெட்டுவிடும். நேரிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உயிரோடிருக்கும் நாய்க்கு உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வலிப்பு வரும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: நடுரோட்டில் ஒருவர் தன் நாயைக் கட்டையால் அடிக்கிறார். அவரைப் பிடித்துக் கட்டிவைத்து போலீசைக் கூப்பிடலாமா?
- வாசகர், வேலூர்

பதில்: குறுக்கே போய் நிற்கலாம், சத்தம் போடலாம், வீடியோ எடுக்கலாம், 112-க்கு அழைக்கலாம். கட்டிவைக்கக் கூடாது. பொதுமக்கள் ஒருவரைக் கைது செய்ய, அது கண்ணெதிரே நடக்கும் ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருக்க வேண்டும். நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவுக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. நீங்கள் ஒரு அறை கொடுத்தாலும் அவர் உங்கள்மேல் எதிர்ப்புகார் கொடுக்கலாம். வீடியோவை ஸ்டேஷனில் கொடுங்கள். ஆள் பெயர், வீட்டு முகவரியோடு பேஸ்புக்கில் போட்டால் அவதூறு வழக்கு வர வாய்ப்புண்டு.