தண்டர்பேர்டில் தொலைந்த முகவரிகள்: பழைய புரொஃபைலில் தேடுங்கள்

முகவரிகள் அழிந்திருக்க வாய்ப்பு குறைவு, ஐயா. மெயில் மென்பொருளான தண்டர்பேர்டை நீங்கள் மறுபடி இன்ஸ்டால் செய்தபோது, அது புதிதாக ஒரு புரொஃபைலை (உங்கள் தகவல்களும் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டரை) திறந்திருக்கும். உங்கள் முகவரிப் புத்தகம் பழையதில் இருக்கும்.

மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகு மெயில் எல்லாம் வந்துவிட்டது, முகவரிகள் மட்டும் இல்லை என்கிறீர்கள். சந்தேகமே அதில்தான். ஐமேப் முறைக் கணக்கில் மெயில்கள் இணையத்தில் உள்ள சர்வரிலேயே இருக்கும், கடவுச்சொல் போட்டதும் வந்துவிடும். உள்ளூர் முகவரிப் புத்தகமோ உங்கள் கணினியில் மட்டும்தான், 'ஏபுக்.எஸ்கியூலைட்' (abook.sqlite) என்ற கோப்பில் இருக்கும்.

1. மெனுவில் ஹெல்ப், பிறகு டிரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன். அங்கே 'அபௌட்:புரொஃபைல்ஸ்' (about:profiles) என்ற இணைப்பை அழுத்துங்கள்.

2. இரண்டு புரொஃபைல் தெரிந்தால் ஒவ்வொன்றின் ரூட் டைரக்டரியையும் (அதன் ஃபோல்டரையும்) திறந்து அந்தக் கோப்பின் தேதியையும் அளவையும் பாருங்கள். பெரியதாகவும் பழைய தேதியோடும் இருப்பதுதான் பெரும்பாலும் உங்களுடையது.

3. தண்டர்பேர்டை மூடி, அந்த ஃபோல்டரை முழுதாகப் பென்டிரைவில் நகல் எடுங்கள். அப்புறம் அந்தப் புரொஃபைலை டிஃபால்ட் (வழக்கமாகத் திறப்பது) ஆக்கித் திறங்கள்.

புரொஃபைலை நீக்கிவிடும் ரிமூவ் பொத்தானை மட்டும் இப்போது தொடவே வேண்டாம்.

சுங்கை சிப்புட் கணினிக் கடையில் உங்கள் கணினியை ஃபார்மேட் செய்து (எல்லாவற்றையும் அழித்து) இருந்தால் இது உதவாது. கடைக்காரர் பேக்கப் எடுத்தாரா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால், போன வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அனுப்பிய அழைப்பை 'சென்ட்' ஃபோல்டரில் திறங்கள். பெறுநர் வரிசையிலேயே பாதிப் பேர் கிடைப்பார்கள். பெயரை அழுத்தி ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பிசிசியில் (மற்றவர்களுக்குத் தெரியாத பெறுநர் வரிசையில்) அனுப்பியிருந்தாலும் உங்கள் நகலில் அந்த முகவரிகள் தெரியும்.