என்னை மட்டும் ஏன் மணியை அழைக்கச் சொல்வதில்லை?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 46. சென்னையில் இருக்கிறேன். வியட்நாம் துறவி திக் நாட் ஹான் வழியில் நடக்கும் ஒரு சின்ன தியானக் குழுவுக்கு இரண்டு வருடமாகப் போகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து பேர் கூடுவோம். இருபது நிமிடம் உட்கார்ந்து தியானம், பத்து நிமிடம் நடைத் தியானம், மறுபடி இருபது நிமிடம். அப்புறம் வட்டமாக உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பகிர்வோம். மழையென்றும் நான் நின்றதில்லை.

தியானத்தைத் தொடங்கவும் முடிக்கவும் ஒரு கிண்ண மணி உண்டு. அதை 'அடிப்பது' என்று சொல்ல மாட்டோம், 'அழைப்பது' என்போம். நான்கு மாதம் முன்பு சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பாய் விரிப்பது நான், பிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுபோவது நான். போன மாதம் பகிர்வில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருங்கிணைப்பாளர் மணியை அழைத்துவிட்டார். ஆளுக்கு மூன்று நிமிடம்தானாம். எல்லோர் முன்னாலும் முகம் சுண்டிவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். "கண்ணை மூடினால் குக்கர் விசிலும் கேட்காதா?" என்கிறார் கணவர். ராத்திரி அரைமணி உட்காரவும் விடுவதில்லை. இரண்டு மாதம் முன்பு, பிளஸ் டூ படிக்கும் மகள் பத்து மணிக்கு அறை வாசலில் வந்து நின்றாள். காலடிச் சத்தத்திலேயே அவள்தான் என்று தெரிந்தது. கண்ணைத் திறக்காமல், அப்புறம் வா என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறாள். வயசு அப்படி, அதை விடுங்கள். இரண்டு வருடம் உட்கார்ந்து எனக்கு மிஞ்சியது கோபம்தான். கண்ணை மூடினாலே அந்த மணிதான் ஞாபகம் வருகிறது. வேறு குழுவுக்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

அதை விடுங்கள் என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், நான் பிடித்துக்கொள்ளப் போவது அதைத்தான்.

மணி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே பதினைந்து பேருக்கு முக்கால் மணி நேரம். அது எல்லோருக்கும் பொதுவான கணக்கு. மணியை அழைக்க ஆசை இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். சுக்குக் காபிக்குக் கணக்கு வைத்துக்கொண்டு உள்ளே குமைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோபத்துக்காகத் தியானத்தையும் குறை சொல்லாதீர்கள். கோபமுள்ள மனத்தைக் கோபமுள்ள மனம் என்று அறிந்துகொள்ளத்தான், தியானம் பற்றிய புத்தரின் உபதேசமான சதிபட்டான சூத்திரம் சொல்லித்தருகிறது. உட்கார்ந்த மாத்திரத்தில் கோபம் போய்விடும் என்று அது சொல்லவில்லை.

சரி, மகள். காலடிச் சத்தத்தில் அவளைத் தெரிந்தது. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதும் தெரிந்தது. இரண்டு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். கவனத்துக்கு உங்களிடம் பஞ்சமே இல்லை. ஆனால் என்ன ஆச்சு என்று கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்கப் பயமாக இருக்கிறதோ? ஒருங்கிணைப்பாளர் உங்களுக்கு மூன்று நிமிடமாவது கொடுத்தார். நீங்களோ, அவள் வாயைத் திறக்கும் முன்பே அவளை நிறுத்திவிட்டீர்கள்.

திக் நாட் ஹான் 1982-இல் பிரான்ஸில் தொடங்கிய பிளம் வில்லேஜ் தியான மடத்தில் ஒரு பழக்கம் உண்டு. தொலைபேசி அடித்தால் பாய்ந்து எடுக்க மாட்டார்கள். நின்று, மூச்சைக் கவனித்து, அப்புறம்தான் எடுப்பார்கள். ஆனால் எடுப்பார்கள்! உங்கள் வாசலிலும் அன்று ஒரு மணி அடித்தது. நீங்கள் மூச்சோடு நின்றுவிட்டீர்கள். அந்த மரபின் ஐந்து பயிற்சிகளில் நான்காவது, அன்பாகப் பேசுவதும் ஆழ்ந்து கேட்பதும்.

இன்றிரவு தியானத்தில் உட்கார வேண்டாம். அவள் அறைக்குப் போய், "அன்னிக்கு நீ வந்தப்போ நான் கண்ணைத் திறந்திருக்கணும், தப்பு என்னுதுதான்" என்று சொல்லுங்கள். துருவாதீர்கள். மூச்சைக் கவனி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "போம்மா" என்பாள். மறுநாளும் போங்கள். சாப்பாடு இப்படியே இருந்தால், தூக்கமும் கெட்டால், மருத்துவரிடம் அழைத்துப்போகத் தயங்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி மானஸ், எண் 14416, நடுராத்திரியிலும் பேசலாம்.

குழு மாறுவதைப் பற்றி அப்புறம் எழுதுங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குத்தான் அவளுக்குப் பேசத் தோன்றுகிறது என்றால், அந்த வாரம் பாயை வேறு யாராவது விரித்துக்கொள்ளட்டும்.